இன்னொரு ஜாய்ஸ்டிக்

"ரெண்டும் நல்ல சரக்குதான்பா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது."

"சேராதுன்னா?"

"உக்காராதுபா. கார்டோட பல்லு பழைய மாடல். போர்டுல கீற ஸ்லாட் புது மாடல். அமுக்கினா உடையும். சேராது."

"கொஞ்சம் நல்லாப் பாருங்கண்ணே. ரெண்டுமே இருக்கிறதுலயே பெருசுன்னு சொல்லித்தான் வாங்கினோம்."

"பெருசுதான்மா. பஸ்ஸும் பெருசு, ரயிலும் பெருசு. பஸ்ஸை எடுத்துகினு போய் தண்டவாளத்துல வுட முடியுமா?"

கடைக்காரர் தாண்டவராயன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரிச்சி தெருவில் மாடியேறிப் போகும் குறுகலான கடை அது. நேற்றைய ஆயுத பூஜைக் குங்குமம் சுவரில், ஷட்டரில், அவருடைய ஸ்க்ரூடிரைவர் பிடியில்கூட இருந்தது. விஜயதசமிக் காலை. முதல் வியாபாரம். அவருக்கு இவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லை.

எதிரே நின்றவர்கள் அண்ணனும் தங்கையும். அருள்பாண்டி ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். முத்துச்செல்விக்கு ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைன். ஒவ்வொரு போனையும் காதில் வைத்து, 'பீப்' கேட்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த போனை எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் காதில் போன் வைத்திருப்பவள். அந்தப் போன்களில் யாரும் அவளிடம் பேசியதில்லை.

கண்ணாடிக் கவுண்டரின் மேல் அவன் வாங்கி வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டும், அவள் வாங்கி வைத்திருந்த மதர்போர்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வூட்லதானே கீறீங்க? வாங்கறதுக்கு முன்னால ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?"



ஒரே வீடுதான். பென்னலூரில் கன்னியப்பன் வீட்டில் வாடகைக்கு எடுத்த பின்பக்க அறை. ஆனால் அவளுக்கு முதல் ஷிப்ட் என்றால் இவனுக்கு இரண்டாவது. அவளுக்கு இரண்டாவது என்றால் இவனுக்கு நைட். இரண்டு கம்பெனிகளும் பேசி வைத்துக்கொண்டது போல அது மாறிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் ஒன்றாகாது. பென்னலூர் கூட்ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். இன்னொரு கம்பெனி பஸ் இவனை ஏற்றிக்கொள்ளும். நடுவே, டிரைவர் ஹாரன் அடிக்கும்வரைதான் அவர்களுக்குப் பேச்சு. அதற்குள் அறைச் சாவி கைமாற வேண்டும், டிபன் பாக்ஸ் கைமாற வேண்டும், அம்மா போனில் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாள்தான், "அண்ணே, மதர்போர்டு வாங்கிட்டேன்! எங்க லைன் பிள்ளையோட அண்ணன் வாங்கிட்டு வந்தான்!" என்று அவள் கத்தினாள். ஓடும் பஸ்ஸின் படியில் நின்று, "நான் கார்டு வாங்கிட்டேன் பிள்ள!" என்று அவனும் கத்தினான். இரண்டு பேருக்கும் அத்தனை சந்தோஷம். என்ன மாடல் என்று கேட்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்காவது ஓவர்டைம் இருக்கும், ரிச்சி தெருவும் பூட்டிக் கிடக்கும். மற்ற நாளில் ரெண்டு பேருக்கும் சேர்ந்து லீவு கிடையாது. ஆயுத பூஜையை ஒட்டி இரண்டு கம்பெனியும் ஒரே நாளில் மூடியது இந்த வருஷம்தான்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றாள் செல்வி.

"ஏதாச்சும் ஒண்ணு போணும். கார்டை வச்சிக்கினா பழைய போர்டு தரேன். போர்டை வச்சிக்கினா கார்டை நான் எடுத்துக்கறேன், புதுசு மாத்திக்கோ."

"என் கார்டு போகட்டும்" என்றான் அருள்பாண்டி.

"அதெல்லாம் வேண்டாம். உன் கார்டு இருக்கட்டும். போர்டை மாத்துங்கண்ணே."

"சொன்னாக் கேளு. என் கார்டு பழைய மாடல்னு சொல்லுதாருல்லா? உன் போர்டு இருந்தா இன்னும் மூணு வருசத்துக்கு எதையும் தொட வேண்டாம்."

"அதென்ன கணக்கு, மூணு வருசம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அருள்பாண்டியின் காது சூடாகிவிட்டது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று கார்டைத் தாண்டவராயன் பக்கம் நகர்த்தினான்.

மூன்று வருஷம் என்பது சனிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த கணக்கு. கம்பெனி வடக்கே, இமயமலை அடிவாரத்தில் ருத்ரபூர் என்ற ஊரில், புதிதாக ஒரு பிளான்ட் போடுகிறது. இங்கே டிரெய்னியாக இருப்பவர்களில் அங்கே போகச் சம்மதிப்பவர்களுக்குப் பெர்மனன்ட். மற்றவர்களுக்கு மார்ச்சோடு சரி. தீபாவளி கழிந்ததும் கிளம்ப வேண்டும். அம்மாவுக்கு அவன் இன்னும் சொல்லவில்லை. அறையைச் செல்வியின் பேருக்கு மாற்ற வேண்டுமென்பதால் கன்னியப்பனிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

செல்வியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தான். கம்ப்யூட்டர் முதலில் வந்துவிடட்டும். அது வந்துவிட்டால் அவள் தனியாக இருப்பது போல இருக்காது. அதற்குப் பிறகு சொல்லலாம்.

தாண்டவராயன் மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகக் கவுண்டருக்குக் கொண்டுவந்தார். அறுபத்துநாலு பிட் பிராசஸர். அதன் தலையில் உட்காரச் செம்பில் செய்த ஒரு ஃபேன். ரெட்டை ரெட்டையாகப் போட வேண்டிய ராம். எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

"எல்லாரும் இதுலதான் கஞ்சத்தனம் பண்றாங்க. அப்புறம் பொகை வந்துச்சுன்னு தூக்கிகினு வராங்க. கனமாக் கீறதா எடு. தூக்கிப் பாரு. தூக்கு, தூக்கு."

அருள்பாண்டி தூக்கிப் பார்த்தான். செங்கல் போல இருந்தது.

"கேபினெட்டு?"

"பக்கத்துல கண்ணாடி வச்சது" என்றாள் செல்வி உடனே. "உள்ள நீல லைட்டு எரியுமே, அது."

"இவ்வளவு நேரம் பேசாம நின்னுட்டு, லைட்டுக்கு மட்டும் வாயத் திறக்கா பாரு."

"பின்ன? உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

தாண்டவராயன் சிரித்தார். மானிட்டருக்குத் தட்டையான எல்.சி.டி. அழகாக இருந்தது. ஆனால் வேகமான ஆட்டத்தில் அதில் நிழல் விழும் என்று சொல்லிப் பத்தொன்பது இஞ்ச் பெரிய குண்டு மானிட்டரையே அவர் சிபாரிசு செய்தார். பென்னலூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாதென்பதால் யூ.பி.எஸ். ஒன்று.

"ஜாய்ஸ்டிக்?" என்றார் கடைசியாக. "ரெண்டு தானே?"

"ஒண்ணு போதும்" என்றான் அருள்பாண்டி. பிறகு, அவசரமாக, "மைக்கு வச்ச ஹெட்போன் இருக்கா? நெட்டுல தூரத்து ஆளோட பேசுறாப்பில?"

செல்வி ராம் அட்டைப்பெட்டியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

இந்தக் கம்ப்யூட்டரை அவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்பது தாண்டவராயனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் 'ஒண்ணு போதும்' என்ற பதிலைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

கன்னியப்பனின் மகள் ஐஸ்வர்யா இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அவளுடைய பழைய கம்ப்யூட்டர் முன்கட்டில் சும்மா கிடந்தது. "தூசி படாம பாத்துக்கினா ஆடிக்கோங்கபா" என்று கன்னியப்பன் விட்டுவிட்டார். அதில் ஒரு ஆட்டம். கையில் விளக்கோடு ஒருவன் பனி நாட்டில் நடந்து போகிறான். எங்கே போகிறான் என்று ஆட்டம் சொல்வதில்லை. நடக்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பெயர் கேட்டது. பாண்டியில் பாதி, செல்வியில் பாதி எடுத்து 'பான்செல்' என்று வைத்தார்கள். "சோப்பு பேரு மாதிரி இருக்குண்ணே" என்று செல்வி சிரித்தாள். அதுதான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே தடவை.

அதற்குப் பிறகு அவரவர் ஷிப்டுக்கு ஏற்ப. அவள் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு, ஒரு நெருப்பின் பக்கத்தில் பான்செல்லை உட்காரவைத்து, சேவ் செய்துவிட்டுப் போவாள். அருள்பாண்டி அங்கிருந்து எழுப்பி நடத்துவான். பாலத்தைத் தாண்டியிருப்பான், ஓநாயிடமிருந்து தப்பியிருப்பான், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நட்டநடுப் பனியில் அப்படியே நிறுத்திவிட்டு ஓடுவான். மறுநாள் கூட்ரோட்டில் சாவியை வாங்கும்போது அவள் திட்டுவாள். "ஏண்ணே, அவனுக்குக் குளிராதா?"

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. பழைய கம்ப்யூட்டரில் போட்டால் திரை கறுத்து நின்றுவிடுகிறது. இதில் இரண்டு பேர். இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஒருவன் சறுக்கினால் மற்றவன் பிடித்து நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் ஆடினால் இன்னொரு ஆளைக் கம்ப்யூட்டரே நடத்தும் என்று அட்டையில் போட்டிருந்ததை அருள்பாண்டி சனிக்கிழமையன்று இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டான்.

தாண்டவராயன் பூட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பவர் பட்டனைத் தட்டியதும் நீல விளக்கு எரிந்தது, ஃபேன்கள் சுற்றின, சின்னதாக ஒரு 'பீப்'.

"சரியா இருக்கு" என்றாள் செல்வி, லைனில் சொல்வது போல.

அவன் ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினான். அவள் பெட்டிகளுக்குக் காவலாகக் கடையில் நின்றாள்.

பூந்தமல்லியில் பஸ் மாறினார்கள். ரோட்டில் நேற்று உடைத்த பூசணிக்காய்கள் மழைத் தூறலில் நசுங்கிக் கிடந்தன. எதிரே வந்த டிரெய்லர்களின் முகப்பில் வாழைக்கன்றுகள் துவண்டு ஆடின. மானிட்டர் பெட்டியை மடியில் வைத்திருந்ததால் அருள்பாண்டிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் செல்வியின் தோள் தெரிந்தது. கேபினெட் அவள் கால்களுக்கிடையில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதிக்கும்போது அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தான். செம்பரம்பாக்கம் வந்தது. தண்டலம் வந்தது. கண்டக்டர் லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டார். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டது.

வருஷம் முழுக்கப் பஸ் ஹாரனுக்குள் பேசிப் பழகியவர்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும், ஹாரன் அடிக்காமல் பேச்சை எப்படி முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் ஆரம்பிக்கவும் தெரியவில்லை.

ஷேர் ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது கன்னியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா இது, கல்யாண சீர் மாதிரி கீது!"

"கம்ப்யூட்டர்ணே" என்றான் அருள்பாண்டி.

"வூட்ல ஒண்ணு சும்மாதானே கீது? சரி சரி, புதுசு புதுசுதான். ஃபியூஸ் பூடாதில்ல?" கேபினெட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டே செல்வியைப் பார்த்தார். "நீ ஒண்ணும் பயப்படாத கண்ணு. அண்ணன் வடக்க மலைப்பக்கம் போனா இன்னா? எங்க பொண்ணு மாதிரி நீ இங்கயே இரு. ராவுல எது வேணும்னாலும் கதவைத் தட்டு."

அருள்பாண்டி கையிலிருந்த மானிட்டர் பெட்டி வாசற்படியில் இடித்தது.

செல்வி, "சரிண்ணே" என்றாள். "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. சாய்ச்சுரப்படாது."

அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதிர்ச்சி இல்லை, கோபம் இல்லை. பெட்டியை உள்ளே வைத்தாள். கன்னியப்பனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்துக் கேபினெட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு வயர்களைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"செல்வி."

"மானிட்டர் வயரை அந்தப் பக்கமாத் தள்ளு."

தள்ளினான். "ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"எங்கன்னு தெரியாது. நீ போகப் போறேன்னு தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." அவள் ஒரு பிளக்கைச் சுவரில் அழுத்திவிட்டுத் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை காலையில முன்கட்டுல போயி உக்காந்தேன். பான்செல் நெருப்புப் பக்கத்துல இருந்தான்."

அருள்பாண்டி மானிட்டர் வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நீ என்னைக்காவது அவனை நெருப்புப் பக்கத்துல விட்டுட்டுப் போயிருக்கியாண்ணே? பை நெறைய விறகு. விளக்குக்கு எண்ணெய். எங்கயெங்கயோ போயி ரொட்டி வேற சேர்த்து வச்சிருக்க. ஒரு ஆளு ரொம்ப நாளைக்கு யாருமில்லாம இருக்கலாம், அவ்வளவு இருந்துது." அவள் வயரின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தாள். "அப்படியே பாத்துக்கிட்டே இருந்தேன். அவனை எழுப்பவே இல்ல. அணைச்சுட்டு வந்துட்டேன்."

வெளியே தூறல் வலுத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சத்தம் கேட்டது. நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனி பஸ், காலியாகத்தான் இருக்க வேண்டும், ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மார்ச்சோட இங்க முடிஞ்சுரும் செல்வி. அங்க போனாத்தான் பெர்மனன்ட். இங்கனயே இருந்தா மறுபடியும் ஏதாவது கான்ட்ராக்ட்டுக்கு அலையணும்."

"தெரியும்."

"சனிக்கிழமையே தாளுல கையெழுத்துப் போட்டுட்டேன். மூணே வருசம். அதுக்குத்தான் இதை நல்லதா வாங்கணும்னு நெனச்சேன். நீ தனியா இருப்பேல்லா. மைக்குல பேசிக்கலாம். நெட்டு போட்டுட்டோம்னா அங்கயிருந்து நானும்..."

"ஒனக்கு அங்க ஷிப்ட் என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் லேசாகச் சிரித்தாள். "பாத்துக்கோ, அதுவும் எனக்கு நேர் எதிரா இருக்கும்."

பவர் பட்டனை அழுத்தினாள். கண்ணாடிக்கு உள்ளே நீல விளக்கு எரிந்தது. அறை முழுவதும், கொடியில் கிடந்த இரண்டு யூனிஃபாரங்களும், மூலையில் சுருட்டி வைத்த பாயும், அந்த நீலத்தில் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தன. சி.டி.யைப் போட்டாள். கறுத்து நிற்குமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

கறுக்கவில்லை. பனி வந்தது.

பழைய ஆட்டத்தின் பனி வெள்ளைப் புள்ளிகள். இது நிஜமாகவே விழுந்தது. காற்றில் சாய்ந்து, நின்று, மறுபடி விழுந்தது. மலையின் அடியில் இரண்டு பேர் நின்றார்கள். இடுப்பில் கயிறு. மூச்சு விட்டால் புகை வந்தது.  இவ்வளவு அழகாக இருக்கும் என்று அருள்பாண்டி நினைக்கவில்லை.

"நம்ம கூட நடந்து வருவான்னு அட்டையில போட்டிருக்குல்லா, கம்ப்யூட்டரே நடத்துற ஆளு" என்றாள் செல்வி. "எங்க லைன் பிள்ள ஒருத்தி ஆடியிருக்கா. கேட்டேன். அவன் சும்மா பின்னால வருவானாம். நாம சறுக்கினா நிப்பானாம். கயித்தை இழுக்க மாட்டானாம்."

துணிப்பையைத் துழாவினாள். ஹெட்போன் பெட்டியை ஓரமாக வைத்தாள். அதன் அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். அவன் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது ஜாய்ஸ்டிக். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, வயரைச் செருகி, அவன் மடியில் வைத்தாள்.

திரையில், கயிற்றின் ஒரு முனையில் நின்றவன் நிமிர்ந்தான். அவள் பொத்தானை அழுத்தியிருந்தாள். மறுமுனையில் நின்றவன் இன்னும் குனிந்தே இருந்தான். அவன் தோளில் பனி சேர்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரு ஆங்கில வரி, இரண்டாம் ஆளுக்காகக் காத்திருப்பதாக, மின்னி மின்னி நின்றது.

அருள்பாண்டியின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

செல்வி அவன் பக்கம் திரும்பவில்லை. பனியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணே. நாளைக்கு ஷிப்டுக்குப் போறேல்லா? ஆபீஸ்ல ஒரே ஒரு தடவ கேட்டுப் பாரேன். அந்தத் தாளுல உன் பேரை அடிச்சிர முடியுமான்னு."